பிள்ளையார்பாளையத்தில் ஒரு மீட்டிங்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்தவாசியில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய். மகளுக்காக எங்கள் ஊர்க் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்திருந்தேன். அதை வைக்க இடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. மாங்கால் கூட்டுரோடு வரை கட்டிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"பொண்ணு ஊட்டுக்காமா? பொண்ணு இன்னா பண்ணுது?"

"சாப்ட்வேர். பெரிய கம்பெனி. வீட்லேருந்தே வேல."

"அப்ப இன்னா கவல உனக்கு? காத்தாடி போட்டுக்கினு ஒக்காந்த எடத்துல சம்பளம்!"

சிரித்து வைத்தேன். ஆனால் கவலை இருந்தது. மூன்று நாளாக என் மகள் மலர் போனில் சரியாகப் பேசவில்லை. முந்தின நாள்தான் விஷயத்தைச் சொன்னாள். வேலையில் பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டாளாம். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு எல்லார் முன்னாலும் அதை அவளே விளக்க வேண்டுமாம். "வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்று கேட்டேன். "தெரியலமா" என்றாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க என்னைப் போலவே அவளுக்கும் வராது. அதனால்தான் சொல்லாமல் கிளம்பி வந்தேன்.

ஏழரை மணிக்குச் செவிலிமேடு பாலம். பாலாற்றில் மணலுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது. இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பிள்ளையார்பாளையத்தில் மகள் வீட்டுத் தெருமுனையிலேயே டிரைவர் நிறுத்திவிட்டார்.

"பாவு நீட்டிக்கினு இருக்காங்கமா. உள்ள போனா என்னை உரிச்சிருவாங்க. நடந்துருங்க."

தெரு நீளத்துக்கும் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். மாம்பழ நிறம். பாய் அதில் பட்டுவிடாமல் சுவரை ஒட்டியே நடந்தேன்.

சம்பந்தி தறியிலிருந்து எழுந்து வந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க பொண்ணு நேத்துலேருந்து சரியா சாப்புடல. கேட்டா ஒண்ணுமில்ல மாமான்னுது. புள்ள கிட்ட கேட்டா, அவன் கம்ப்யூட்டர் விஷயம் உனக்குப் புரியாதுன்னுட்டு வேலைக்குப் பூட்டான்."

மலர் என்னைப் பார்த்ததும் "எதுக்குமா வந்த?" என்றாள். கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தவள் விடவில்லை. இரண்டு இட்லி சாப்பிட வைத்துவிட்டு, என்ன தப்பு என்று கேட்டேன். பத்தாவது படித்த எனக்குப் புரியும்படி சொன்னாள்.

அவர்கள் எழுதும் புரோகிராமை முதலில் சோதனை பார்க்கத் தனியாகச் சில கம்ப்யூட்டர்கள் உண்டு. ஜனங்கள் பயன்படுத்துவது வேறு. மலரின் திரையில் இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னல் திறந்திருக்கும். இரண்டும் ஒரே கறுப்பு. சோதனையில் கொடுக்க வேண்டிய உத்தரவை நிஜத்தில் கொடுத்துவிட்டாள். அரை மணி நேரம் அந்தக் கம்பெனியில் யாரும் பொருள் வாங்க முடியவில்லை.

"எத்தனை ஊர்ல?" என்றேன்.

"எல்லா ஊர்லயும்."



பதினொன்றரைக்குக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டாள். அந்த வீட்டு வழக்கம் அது. துண்டு தொங்கினால் உள்ளே மீட்டிங், தறி ஓடக்கூடாது. "உள்ளயே இருமா, ஆனா கேமராவுல வந்துராத" என்றாள். பாயைச் சுவரோரம் விரித்து உட்கார்ந்தேன். வெளியே தறிச் சத்தம் நின்றது.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக இருபது முகம் இருக்கும். மலர் இங்கிலீஷில் பேசத் தொடங்கினாள். எனக்குப் புரிந்தது 'சாரி' ஒன்றுதான். அதை மூன்றாவது முறை சொன்னபோது ஒரு நரைத்த பெண்மணி கையைக் காட்டி நிறுத்தினார். அவர்தான் அவளுடைய மேனேஜர். போயிற்று வேலை என்று நினைத்தேன்.

அவர் என்ன சொன்னார் என்பதை மலர் பிறகு சொன்னாள். அவர்கள் கம்பெனியில் இப்படிப்பட்ட மீட்டிங்கில் யார் செய்தது என்று பேசுவதில்லையாம். எழுதி வைப்பதில்கூடப் பெயர் இருக்காதாம். "இரண்டு ஜன்னலும் ஒரே மாதிரி இருந்தால் யார் கையும் தவறத்தானே செய்யும்? இனி தவறாமல் இருக்க என்ன செய்யலாம், அதைச் சொல்" என்று கேட்டிருக்கிறார்.

மலர் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். எல்லாக் கட்டங்களிலும் சிரிப்பு. அது கேலிச் சிரிப்பு இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

அந்தச் சிரிப்பைக் கேட்டு மீட்டிங் முடிந்தது என்று நினைத்து வெளியே சம்பந்தி தறியை ஓட்டிவிட்டார். தடக், தடக். மலர் பதறி எழுந்தாள். மேனேஜர் என்ன சத்தம் என்று கேட்டிருப்பார் போல. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டினாள். இருபது முகத்தையும் ஒருசேரப் பார்த்த சம்பந்தி காலைத் தறியிலிருந்து எடுத்துவிட்டு, "துண்டு இருக்குதுன்னு தெரியும்பா, சிரிச்சாங்களேன்னுதான்..." என்று திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

மீட்டிங் முடிந்ததும் மலர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னதான்மா சொன்ன?" என்றேன்.

"எங்க வீட்ல செவப்புத் துண்டு தொங்கினா எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பாங்க. அதுமாதிரி நெஜ ஜன்னலை செவப்பாக்கிடலாம்னேன். என்னையே செய்யச் சொல்லிட்டாங்கமா."

"அப்ப என் துண்டுதான் உங்க கம்பெனிய காப்பாத்துது. சொல்லி வை அந்தம்மா கிட்ட" என்றார் சம்பந்தி.

மத்தியானம் மலர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நாலு மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. செவிலிமேடு தாண்டும்போது வெயில் சாய்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்தால் மாடித் தொட்டி நிறைந்து வழிந்து வாசலெல்லாம் தண்ணீர். வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். யார் செய்தது என்று கேட்கவும் வேண்டியதில்லை. நான் கூச்சப்படாமல் வாய் திறப்பது அவரைத் திட்ட மட்டும்தான். அன்றும் திட்டு வாய் வரை வந்தது.

"எப்படி ஆச்சு?" என்றேன்.

அவர் பயந்துபோய் என்னையே பார்த்தார். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "லைட்ட அணைக்கிறேன்னு மோட்டாரை போட்டுட்டேன் போலருக்குது. ரெண்டு சுவிட்சும் ஒண்ணாட்டம் இருக்குது."

எத்தனையோ வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. நான் நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து மோட்டார் சுவிட்சின் மேல் ஒட்டினேன்.