மியூரியலின் பிளாஸ்க்

கதவுகளின் நடுவே இருக்கும் தபால் துளையை மியூரியல் டாப்ஸ்காட் அம்மாள் கையால் தொடுவதில்லை. தோள்பையிலிருந்து ஒரு மரக்கரண்டியை எடுத்து, அதன் காம்பால் மூடியைத் தள்ளி, மடித்த 'பாட்லி மணி' செய்தித்தாளை உள்ளே செருகுவார். கதவுக்குப் பின்னால் காத்திருக்கும் ரட்ஜ் வீட்டு நாய் முதலில் கரண்டியைக் கடிக்கும், பிறகு தாளைக் கவ்வும். விரல் மட்டும் அதற்கு இன்றுவரை கிடைத்ததில்லை. "இந்த மாசமும் ஏமாந்துட்டியா கண்ணு?" என்று துளை வழியாக விசாரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்பார். நாய் இல்லாத வீடுகளிலும் கரண்டிதான். ஒரு வீட்டுக்குக் கை, ஒரு வீட்டுக்குக் கரண்டி என்றால் பாரபட்சம் என்று பேச்சு வரும் என்பார்.

நெதர் பாட்லியின் மாதச் செய்தித்தாளுக்கு அவரே ஆசிரியர், அவரே நிருபர், அவரே தபால்காரர். எங்கள் ஊரில் நடப்பதெல்லாம் தாள் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் மாதம் பிறந்தால் அதற்காகக் காத்திருப்போம். தெரிந்த செய்தியை மியூரியல் எப்படிப் பூசி மெழுகியிருக்கிறார் என்று பார்ப்பதில்தான் ருசி. ரட்ஜின் காளை கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து புதுச் சமாதியின் மலர்வளையத்தைத் தின்றபோது, "தோட்டத்துக்கு எதிர்பாராத விருந்தினர் ஒருவர் வந்து சென்றார்" என்று எழுதினார். மதுக்கடைக்காரர் தன் பிறந்தநாளன்று குளத்தில் விழுந்தார். "குளத்தில் இந்த ஆண்டு தண்ணீருக்குக் குறைவில்லை என்பது உறுதியாகியுள்ளது" என்று வந்தது. வேலியின் உயரத்துக்காக அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு நின்ற விவகாரம், "கருத்துப் பரிமாற்றம்" என்ற இரண்டு சொல்லில் முடிந்தது.

அச்சில் யார் மனமும் நோகக் கூடாது என்பது அவர் கொள்கை. "வாயில வந்தது காத்தோட போயிடும். அச்சுல வந்தா பேரன் பேத்தி வரைக்கும் நிக்கும்" என்பார். கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் பல வருடம் இருந்தவர். நாய் செத்த செய்தியை நாய்க்காரரிடம் பக்குவமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

மரக்கரண்டி கிடக்கும் அதே பையில் ஒரு பச்சை பிளாஸ்க்கும் இருக்கும். மியூரியல் பிறர் கையால் டீ குடிக்க மாட்டார். அவருக்கு வேண்டியது, வெந்நீருக்குத் தேயிலைப் பையை ஒருமுறை காட்டிவிட்டு எடுத்துவிட்டது போன்ற டீ. ஊர் விழாக்களிலோ பெரில் ஆக்ஸென்ஹாம் போடும் டீதான் கிடைக்கும். அது பாய்லரில் மதியத்திலிருந்தே கொதித்து, வேலிக்கு அடிக்கிற கறுப்பு வர்ணத்தின் நிறத்துக்கு வந்திருக்கும். அதனால் மியூரியல் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போவார். வாங்கியது பூந்தொட்டிக்குள் போகும். மேசைத் துணிக்கு அடியில் பிளாஸ்க் திறக்கும். இது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊரில் பூந்தொட்டி உட்பட எல்லோருக்கும் தெரியும்.

பெரில் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்மணி. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள புதர்வேலியில், ஆள் நுழைய ஒரு சந்து உண்டு. இருவரும் சுற்றிக்கொண்டு வரச் சோம்பல்பட்டுத் தாங்களே வெட்டிவிட்டது. மியூரியலுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அந்தச் சந்து வழியாகத்தான் டெஸ்மண்டுக்குத் தினமும் சாப்பாடு வந்தது. டெஸ்மண்ட் என்பவர் மியூரியலின் கணவர். வெங்காயம் வளர்ப்பார். மனைவி சொல்வதில் பாதி அவருக்குக் காது கேட்காது, எந்தப் பாதி என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். அந்த மாதம் 'பாட்லி மணி'யையும் பெரில்தான் வீடு வீடாகப் போட்டார், மரக்கரண்டியோடு.

பாய்லர் ஊர்க் கூடத்துக்குச் சொந்தம். ஆனால் அதன் குழாயைத் திறக்கும் பித்தளைத் திருகு பெரிலின் கைப்பையில் இருக்கும். ஒரு விழாவில் யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போய்ச் சமையலறையே டீயில் மிதந்ததிலிருந்து, அவர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். தேவாலயச் சாவியைக்கூடக் கேட்டால் தருவார்கள். அந்தத் திருகைக் கேட்க யாருக்கும் துணிவு கிடையாது.

இப்படிப்பட்ட மியூரியல்தான் அந்தப் பிழையைச் செய்தார். ஆகஸ்டில் கோடை விழா முடிந்தது. அடுத்த இதழில் நன்றிப் பத்தி வந்தது. எங்கள் ஊரில் முதலில் படிப்பதே அதைத்தான், நின்றுகொண்டே படிப்போம். கூடாரம் கொடுத்தவருக்கு நன்றி. கேக் சுட்டவர்களுக்குப் பெயர் பெயராக நன்றி. மாலைவரை பொறுத்திருந்த மழைக்கு நன்றி. குழந்தைகளை முதுகில் சுமந்த டஃபி என்ற மட்டக்குதிரைக்கும் நன்றி. பெரில் ஆக்ஸென்ஹாமுக்கு இல்லை.

பெரில் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். மியூரியல் அவர் வீட்டில் விட்டுவந்திருந்த பலகாரத் தட்டு ஒன்று மறுநாள் வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்து, காலியாக. அந்தத் தட்டு இரண்டு வீட்டுக்கும் இடையே எத்தனையோ முறை போய் வந்திருக்கிறது, ஒருமுறைகூட வெறும் தட்டாக வந்ததில்லை. நாலு பிளம்ஸ் பழமாவது இருக்கும். மியூரியல் தட்டைப் பார்த்தார். உள்ளே போய்த் தாளை எடுத்து நன்றிப் பத்தியை விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பேசாம போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடு" என்றார் டெஸ்மண்ட், வெங்காயத்தின் மேல் கண்ணை வைத்தபடி.

"எதுக்குன்னு கேக்கறது? அவ கோவிச்சுக்கிட்டதாவே சொல்லலையே. நான் போய்க் கேட்டா, 'நீ சின்னப் புத்திக்காரி, பேரு வரலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க'ன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆயிடும்."

டெஸ்மண்ட் இதைக் கேட்காத பாதியில் சேர்த்துக்கொண்டார்.

தாளில் திருத்தம் போடலாமா என்றும் மியூரியல் யோசித்தார். போட்டால், கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள். குதிரைக்கு அப்புறம்தான் பெரில் ஞாபகத்துக்கு வந்தார் என்று மதுக்கடையில் சிரிப்பார்கள். ஆகவே, காபியும் வால்நட்டும் போட்ட கேக் ஒன்றைச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார். சந்து வழியாகப் போகாமல், சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக. அப்படிப் போனதிலேயே குற்றம் ஒப்புக்கொண்டாயிற்று.

பெரில் கதவைப் பாதி திறந்தார். "ரொம்ப சந்தோஷம், மிஸஸ் டாப்ஸ்காட். நீங்க ஏன் சிரமப்பட்டீங்க" என்றார். இத்தனை வருடமாக 'நீ, வா, போ' என்று பேசிவந்த வாய். கேக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கூரை நிதிக்காக நடந்த விற்பனையில் அந்தக் கேக் மேசை நடுவே உட்கார்ந்திருந்தது. மியூரியலே அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டெஸ்மண்டுக்கு மட்டும் இந்தச் சண்டையில் லாபம்.

அதே வாரம் பாதிரியார் அறுவடை விருந்தைப் பற்றிப் பேச பெரிலிடம் போனார். முழங்கால் சரியில்லை, இந்த வருடம் டீ பொறுப்பு வேறு யாராவது பார்க்கட்டும், நானும் ஒருமுறை விருந்தாளியாக வந்து உட்கார்கிறேனே என்று பெரில் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார். பாதிரியார் புது ஆள், பட்டணத்துப் பெண். நல்லதாகப் போயிற்று, அவரும் ஓய்வெடுக்கட்டும் என்று நம்பிக்கொண்டு வந்துவிட்டார். ஊர் நம்பவில்லை. டீ இல்லாமல் அறுவடை விருந்தா? எல்லோரும் மியூரியலைப் பார்த்தால் வானிலை பற்றி மட்டும் பேசினார்கள்.

மியூரியலுக்கு விருந்து போனால் போகட்டும் என்றிருந்தது. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால், எதிர் ஜன்னலில் பெரில் கையைத் தூக்குவார், இவர் கையைத் தூக்குவார். அதற்குப் பிறகுதான் அவருக்குப் பொழுது விடியும். இப்போது எதிர் ஜன்னலில் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. மியூரியல் பாத்திரம் கழுவிக்கொண்டே இரண்டு முறை அழுதார். டெஸ்மண்டிடம் வெங்காயம் என்று சொன்னார்.

அக்டோபர் இதழில் தன் வித்தையையெல்லாம் காட்டினார். பெயர் சொல்லாமல், முதல் பக்கத்தில், "ஆரவாரமின்றி நம் விழாக்களைத் தாங்கி நிற்கும் ஒரு கை" என்று ஒரு பத்தி. யாருக்கும் நோகாது, புரியவேண்டியவருக்குப் புரியும். தாள் போன மறுநாளே கிளைவ் ரட்ஜ் வாசலில் வந்து தொப்பியைக் கழற்றினார். கோடை விழாவுக்கு மின்கம்பி நீட்டிக் கொடுத்தவர் அவர். "இதையெல்லாம் யாரு கவனிக்கப்போறாங்கன்னு நெனச்சேன். நீங்க கவனிச்சிருக்கீங்க, மியூரியல்" என்று கண் கலங்கினார். அவரிடம் இல்லையென்று சொல்ல மியூரியலுக்கு மனம் வரவில்லை. அன்று மாலைக்குள் அந்தக் கை கிளைவுடையது என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. புல்லரித்துப்போன கிளைவ், விருந்துக்கு டீயையும் தானே பார்த்துக்கொள்வதாக அறிவித்தார்.

மறுநாள் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவரும் நாள். இருவரும் ஒரே நேரத்தில் இழுத்துவந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. மியூரியல் வானத்தைப் பார்த்து மழை வரும்போல என்று ஆரம்பித்தார். பெரில் தொட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினார்.

"பேரு விட்டுப்போச்சு, சரி. எனக்கு அச்சுல பேரு பாத்து என்ன ஆகணும்? ஆனா நீ எப்படி மறப்பேன்னுதான் புரியாம இருந்தது, மியூரியல். அப்புறம் புரிஞ்சுடுச்சு. ஒரு வாயாவது குடிச்சிருந்தாத்தானே ஞாபகம் வரும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மியூரியல் குப்பைத்தொட்டியைப் பிடித்தபடி நின்றார். பூந்தொட்டி, மேசைத் துணி, மூலை மேசை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாம் தெரிந்தும் பெரில் ஒவ்வொரு விழாவிலும் முகம் சுளிக்காமல் அவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ஊராருடைய மனம் நோகாமல் காளையைக்கூட விருந்தாளி ஆக்கியவருக்கு, பக்கத்து வீட்டு மனம் இவ்வளவு காலம் நொந்துகொண்டிருந்தது தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது.

அறுவடை விருந்தன்று ஊர்க் கூடம் நிறைந்திருந்தது. பூசணிகளும் கோதுமைக் கதிர்களும் மேடையில் அடுக்கியிருந்தன. பெரில் நல்ல உடை உடுத்தி, கைப்பையை மடியில் வைத்து, முதல் வரிசை மேசையில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்தது. கிளைவ் ரட்ஜ் சமையலறைக்குள் போய், வீடுகளிலிருந்து இரவல் வாங்கிய மின்கெட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டார். ஒரு சத்தம் கேட்டது. சமையலறையின் மின்சாரம் போயிற்று. உள்ளே அடுப்பின் மேல் பாய்லர் சும்மா இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம், எரிவாயு போதும். ஆனால் குழாய்க்குத் திருகு இல்லை.

எல்லோரும் பூசணிகளைப் பார்த்தார்கள். பெரிலும் பூசணிகளைப் பார்த்தார். பாதிரியார் மட்டும், டீ இல்லாவிட்டால் என்ன, ஆப்பிள் மது நிறைய இருக்கிறதே என்றார். அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூலை மேசையில் மியூரியல் எழுந்தார். மேசைத் துணிக்கு அடியிலிருந்து பச்சை பிளாஸ்க்கை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் வைத்து, மூடியைத் திருகிக் கழற்றினார். பிறகு பூந்தொட்டியிடம் போய், பிளாஸ்க்கில் இருந்த அத்தனையையும் ஊற்றினார். வெளிறிய டீ ஆவியோடு மண்ணில் இறங்கிய சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. வெறும் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆன இடுப்போடு மெதுவாகக் கூடத்தின் நடுவே நடந்து வந்து, பெரிலின் முன்னால் நின்று அதை நீட்டினார்.

பெரில் கோப்பையைப் பார்த்தார். அவசரமே படவில்லை. கைப்பையின் பூட்டு 'டக்'கென்று திறந்தது.

"கொதிக்க நேரமாகும்" என்றார்.

"நிக்கறேன்" என்றார் மியூரியல்.

நின்றார். சமையலறையின் பரிமாறும் ஜன்னலில் முதல் ஆளாக நின்றார், அவருக்குப் பின்னால் ஊரே வரிசையாக நின்றது. வந்தது பழைய டீயேதான், அடி தெரியாத கறுப்பு. மியூரியல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, கண்ணில் நீர் வந்தது, காதுகூடச் சிவந்தது. பெரில் கையைத் திருகிலிருந்து எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மியூரியல் மூச்சு வாங்கிக்கொண்டு, கோப்பையை மறுபடியும் நீட்டினார்.