தலைகீழாய் இருந்த நாலாவது சரணம்

போன வருடம் எங்கள் சபையின் ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் உள்ள தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவன் நான். வார நாள்களில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருவேன்.

விழாவுக்கு ஒரு பழைய கீர்த்தனையை எடுத்திருந்தோம். எங்களிடம் அதற்குப் புத்தகம் கிடையாது. மூன்று சரணமும் கையால் எழுதிய தாளில் இருக்கும். மெட்டு காதில் கேட்டுப் பழகியது. சரணத்தின் கடைசி வரி திடீரென்று மேலே தாவும். யாரோ எப்போதோ தப்பாகப் பாடி, அதுவே நிலைத்துவிட்டது என்று நானாக முடிவுகட்டி, அந்த வரியைக் கீழே இறக்கிச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் பாடினார்கள், ஒருவரைத் தவிர.

அவர் தேவாலயத்துக்கு அருகிலேயே தையல் கடை வைத்திருக்கும் பெண்மணி. குழுவில் அவர் குரல்தான் எங்களுக்கு பலம். அந்த வரி வந்தால் மட்டும் பழையபடி மேலே போய்விடுவார்.

“சிஸ்டர், அது தப்பு. எத்தினி வாட்டி சொல்றது?”

“இன்னா பிரதர் தப்பு? நாங்க முன்ன இருந்த ஸ்கெலட்டன் ஏரியாவுல எங்கம்மா இப்டிதான் பாடுவாங்க. எனக்கு வேற மாதிரி வாய் வராது.”

“உங்கம்மா பாடினா அது சரியாயிடுமா?”

சொல்லி முடித்ததும்தான் எவ்வளவு மட்டமான பேச்சு என்று உறைத்தது. அதற்குள் அவர் தாளை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த இரண்டு பயிற்சிக்கும் வரவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டிய நான், அதைச் செய்யாமல் ஆதாரம் தேடக் கிளம்பினேன். பழைய புத்தகங்களை இலவசமாகப் படிக்கக் கொடுக்கும் இணைய நூலகங்கள் இருக்கின்றன அல்லவா, தினமும் காலை ரயிலில் போனில் அவற்றைத் துழாவினேன். பாட்டின் முதல் அடியைத் தமிழில் தட்டினால் ஒன்றும் வரவில்லை. நாலாம் நாள்தான், வெள்ளைக்காரர் காலத்து விசித்திரமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் வேறு புத்தகங்கள் வருவதைக் கவனித்தேன். அப்படித்தான் ஒரு பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. சில பக்கங்கள் தலைகீழ். சிலவற்றின் ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல். ரயில் மாலூரைத் தாண்டும்போது எங்கள் பாட்டு வந்தது, ஸ்வரக் குறிப்போடு.

தொடையில் தாளம் போட்டு முனகிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தேன். அவர் பாடிய அதே தாவல்! போதாததற்கு, அந்த இடத்தில் யாரோ பென்சிலால் ‘மூச்சு எடு’ என்று எழுதி வைத்திருந்தார்கள்.

வெட்கப்பட வேண்டிய நேரம். எனக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னா சார், இன்கிரிமென்ட் வந்துச்சா?” என்றார் எதிர் சீட்டுக்காரர்.

“அத விட பெருசு சார். நான் தப்புன்னு தெரிஞ்சிடுச்சி.”

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நேராகத் தையல் கடைக்குப் போனேன். கழுத்தில் டேப்போடு அவர் மிஷினில் உட்கார்ந்திருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

“சிஸ்டர், நீங்க பாடினதுதான் சரி, நான் சொன்னது தப்பு. உங்கம்மாவ பத்தி நான் பேசினது அத விட பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க” என்று போனை நீட்டினேன்.

மிஷின் நின்றது. போனை வாங்கிப் பக்கத்தைப் பெரிதாக்கி, மெதுவாக முனகினார். அந்தத் தாவல் வந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த பக்கத்தைத் தள்ளியவர் புருவத்தைச் சுருக்கி, போனையே தலைகீழாகத் திருப்பினார்.

“பிரதர்! இங்க இன்னொரு சரணம் இருக்குது பாருங்க!”

தலைகீழாக ஸ்கேன் ஆனதால் நான் கவனிக்காமல் விட்ட பக்கம். எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாத நாலாவது சரணம். அவர் பாட ஆரம்பித்தார். பிளவுஸ் வாங்க வந்த பெண்மணி, அவசரம் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நின்று கேட்டார்.

விழாவில் அந்தச் சரணத்தை அவர் தனியாகப் பாடினார். கடைசித் தாவலில் நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். முதல் ஆளாக மேலே போனவன் நான்தான்.

இப்போதெல்லாம் எங்கள் குழுவில் யாராவது நான் எதிர்பார்க்காத ஸ்வரத்தைப் பாடினால், திருத்துவதற்கு முன் “இன்னொரு வாட்டி பாடுங்க” என்று கேட்கிறேன். அப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் பாட்டு நிஜமாகவே காதில் விழுகிறது.