வானத்தில் முளைத்த கிளை

வெள்ளையடிக்க வந்தவர் கூடத்துச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், வானத்துல ஒரு கெளை மொளைச்சிருக்கு" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்றல்ல, மூன்று.

படத்தை முகத்தருகே கொண்டுபோனால் வண்ணம் குழைத்த ஆளிவிதை எண்ணெய் வாடை இன்னும் அடிக்கிறது. எனக்கு மட்டும்தானோ என்னவோ. எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். கப்பல் வரவு, உப்பு விலை, சங்குகுளி என்று வாரம் முழுக்க எழுதிவிட்டு, ஞாயிறு காலையில் தைலவண்ணப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் சாலையோர உடங்காட்டுக்குப் போவேன். காடு என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரங்கள், அவ்வளவுதான். நிழலைவிட முள் அதிகம். என் சைக்கிள் டியூபைக் கேட்டால் சொல்லும்.

ஊர்க் கண்காட்சிக்கு ஒரு படம் தருவதாகச் சொல்லியிருந்தேன். நான்கு ஞாயிறு இருந்தது. நல்ல மரமாகப் பார்த்து முதல் ஞாயிறே முழுதாக வரைந்தேன். மேல்பூச்சுக்கு அடுத்த வாரம் போனால் இடப்பக்கக் கிளையைக் காணோம். ஆடுகள் அதைத் தின்றுகொண்டிருந்தன. பக்கத்தில், நுனியில் அரிவாள் கட்டிய துரட்டிக் கம்போடு ஆட்டுக்காரி இசக்கியம்மா.

இல்லாததை இருப்பதாகக் காட்டாதே என்பது ஆபீசில் எனக்குச் சொல்லித்தந்த பாடம். கிளையின் மேல் நீல வானத்தைப் பூசினேன்.

"ஏன் தம்பி, கெளைய அழிக்கிய?"

"நீங்க வெட்டிட்டீங்களே அக்கா."

"வெட்டுனதத்தான் ஆடு தின்னுச்சி. படத்துல உள்ளதையா தின்னுச்சி?"

மீதி நீலத்தையும் பூசி முடித்தேன். மூன்றாம் ஞாயிறு வலப்பக்கக் கிளையும் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் வானம் பூசிவிட்டு, பக்கத்து மரத்தில் வெட்டும்படி கெஞ்சினேன்.

"அங்கன உள்ளதெல்லாம் போன வாரமே காலி. கோடையில நான் எங்கன போவேன்? ஒங்க படத்தக் காட்டினா ஆடு பசியாறிருமா?" என்றவள், என் முகத்தைப் பார்த்து இரங்கினாள். "சரி, உச்சியத் தொடமாட்டேன். போங்க."

வாக்குத் தவறவில்லை. நான்காம் ஞாயிறு உச்சி அப்படியே இருந்தது. உச்சி மட்டும்தான் இருந்தது. நடுக்கிளையையும் வானமாக்கினேன்.

கண்காட்சியில் ஒரு வாத்தியார் நெடுநேரம் பார்த்துவிட்டு, "புயலுக்கு அப்புறம் வரைஞ்சியளோ?" என்றார்.

தைலவண்ணம் வயதானால் மெலிந்து, அடியில் மறைத்ததைக் காட்டிவிடுமாம். போன மாதம் அந்தச் சாலையில் போனேன். மரம் நின்ற இடத்தில் கண்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். ஓர் உடைமரம் இல்லை, ஓர் ஆடு இல்லை. இசக்கியம்மாவைப் பற்றி விசாரிக்கவும் ஆளில்லை. அந்தக் காட்டில் மிஞ்சியது என் சுவரில் இருக்கும் இந்த மரம்தான்.

சுவர் காய்ந்ததும் படத்தைக் கொஞ்சம் மேலே மாட்டச் சொன்னேன். எவ்வளவு மேலே என்று கேட்டார்.

துரட்டிக்கு எட்டாத உயரத்தில் என்றேன்.