ஹீப்ருவில் ‘சுட்டேன்’

இஸ்ரேலில், நடக்க முடியாத ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. விடுப்பில் தேவிகுளம் பக்கம் எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்திருந்தபோது, என் தங்கையும் அதே வேலைக்குப் போவதற்காகப் போனில் ஒரு மலையாளி சாரிடம் ஹீப்ரு படித்துக்கொண்டிருந்தாள். நான் வகுப்புக்குப் போனவள் இல்லை. காதில் விழுந்ததை வைத்தே ஒப்பேற்றினேன்.

ஒருநாள் காலையில் அவள் அரிசி களைந்தபடி பாடத்தை முணுமுணுத்தாள். “யாரீதி, யாரீதா...”

“எங்க தாத்தா தெனமும் சொல்ற வார்த்தைல்ல இது,” என்றேன். அந்த முதியவரை அப்படித்தான் சொல்வேன்.

சாயங்காலமானால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் எலுமிச்சை மரங்களைக் காட்டி “யாரீதி போ” என்பார். அங்கே ‘ராயீதி’ என்றால் பார்த்தேன். ‘போ’ என்றால் வா. பல் இல்லாத வாயில் சொல் குழறுகிறது, யாரையோ பார்த்துவிட்டு என்னையும் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். மனசு ஆறட்டும் என்று, “நானும் பார்த்தேன், நல்லது, நல்லது” என்று அவர் பாஷையிலேயே சொல்லிப் போர்வையை இழுத்துவிடுவேன்.

தங்கை ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

“பாத்தேன் இல்லக்கா. சார் மலையாளத்துல ‘வெடி வெச்சு’ன்னு சொல்லிக்குடுத்தாரு. சுட்டேன்னு அர்த்தம்.”

“அப்ப ‘போ’?”

“அதுக்கு ‘அவனை’ன்னும் அர்த்தம் இருக்கு. அவனைச் சுட்டேன்.”

அவர் வீட்டுக் கூடத்தில் ராணுவ உடுப்போடு அவருடைய இளவயதுப் படம் மாட்டியிருக்கிறது. தினமும் நான்தான் துடைப்பேன்.

மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டேன். அவருடைய மகள் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். எப்போது வருவாய் என்று கேட்டார் பெரியவர். பதில் சொல்லாமல், அந்தச் சொல்லை முதல்முறையாக என் வாயால் சொன்னேன்.

“பெமி யாரீதா?” யாரைச் சுட்டீர்கள்?

அவர் என்னை வியப்போடு பார்த்தார்.

“தெரியாது. மரத்தடியில் நின்றான். கையில் ஒன்றுமில்லை. நீயும்தான் பார்த்தாயே.”

போன் ஆடியது. மகளின் முகம் திரைக்குள் வந்தது. “எங்களிடம் அப்பா இதைச் சொன்னதே இல்லை,” என்றார்.

“நான் பார்க்கவில்லை,” என்று மட்டும் சொன்னேன். அது பெரியவர் காதில் விழுந்ததா, தெரியாது.

“போவியாக்கா?” என்றாள் தங்கை.

“போகாம?” என்றேன்.

விடுப்பு முடிந்து போனேன். சூப்பில் உப்பு இல்லை என்று முதல் நாளே பெரியவர் முகம் சுளித்தார். குளிப்பாட்டத் தூக்கும்போது அவருடைய வலது கையை என் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கை மேலே பட்டதும் என்னை அறியாமல் உடம்பு பின்வாங்கியது. அவர் கவனித்துவிட்டார். கையை எடுத்து, சுவரில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார்.