யாரும் பதில் சொல்லாத மன்றாட்டு

கோயில் கமிட்டித் தலைவரே, அன்றைக்கு மைக்கை நிறுத்தச் சொன்னது நீங்கள். நிறுத்தியது நான். கரண்ட் போய்விட்டது என்று இத்தனை வருடமாக நீங்கள் சொல்லி வருவது பொய். பீடத்துக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டீச்சர் அன்று வாசித்த கடதாசி இப்போதும் என்னிடம் இருக்கிறது. கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள், நீல மை, நான்காக மடித்த தடம்.

ரத்தோட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் முன்பள்ளியில் அவர் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மன்றாட்டு வாசிப்பதும் அவர்தான். பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் முன்னால் போய் ஒவ்வொரு மன்றாட்டாக வாசிக்க, சபை முழுதும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அது எல்லாருடைய மன்றாட்டு. சொல்லாவிட்டால் அது தனி ஒருத்தியின் பேச்சு. நான் மாத்தளை டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். கோயில் ஆம்பிளிஃபயர் என் பொறுப்பு. அது அடிக்கடி ஊளையிடும். “தம்பி, ஒங்க நாய இன்னைக்காவது கட்டி வைங்க” என்பார் டீச்சர். மழை பெய்யவும் நோயாளிகள் சுகமாகவும் மட்டுமே மன்றாடினால் போதும் என்று கமிட்டி அவரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “பகையாளிக்காக வேண்டிக்கங்கன்னுதானே இயேசு சொன்னாரு? சொந்தக்காரனுக்கு வேண்டிக்க யாரும் சொல்லித் தரணுமா?”

போர் முடிந்த வாரம் வெற்றிக்கு நன்றிப் பூசை வைத்தீர்கள். ரோட்டில் சிங்களச் சனம் வெடி கொளுத்திப் பால்சோறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாம் பயந்துபோய் இருந்தோம், அதை நான் மறுக்கவில்லை. தமிழ்க் கோயில், தமிழ்ப் பூசை. இராணுவ முகாமிலிருந்து நான்கு அதிகாரிகளை அழைத்து முன் வரிசையில் உட்கார வைத்தீர்கள். டீச்சர் வந்து இந்தத் தாளை விரித்தார். “இந்தப் போரில் செத்த இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்காகவும்” என்றார். நீங்கள் தூணோரம் இருந்த என்னிடம் குனிந்து, “டேய், ஓஃப் பண்றா, எல்லாரையும் கொல்லப் போறா” என்றீர்கள். என் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை.

அவர் நிறுத்தவில்லை. மைக் இல்லாமல் மீதியையும் வாசித்தார். “துப்பாக்கி பிடித்திருக்கும் படைவீரர்கள் நல்லபடி தங்கள் வீடு போய்ச் சேரவும், எங்கள் பகைவர் என்று நாங்கள் நினைக்கும் எல்லாருக்காகவும் உம்மை மன்றாடுகிறோம்.” பிறகு தாளை இறக்கிவிட்டு, வழக்கம்போல எங்களைப் பார்த்தபடி காத்திருந்தார். காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்டது. எண்பது, தொண்ணூறு பேர் இருந்திருப்போம். ஒரு வாய் திறக்கவில்லை. பூசை நடத்திய சாமியார் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் யாரோ காணிக்கைப் பாட்டைத் தொடங்கினார்கள். டீச்சர் இறங்கிப் போனார், தாள் அங்கேயே கிடந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டது நான்.

இதில் கொடுமை என்னவென்றால், முன் வரிசையில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மைக் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு மன்றாட்டு என்று சும்மா இருந்திருப்பார்கள். சத்தம் பட்டென்று நின்றதால்தான் ஓர் அதிகாரி திரும்பிப் பார்த்தார். பூசை முடிந்ததும் வாசலில் வைத்து என்ன விஷயம் என்று கேட்டார். சிங்களத்தில் பதில் சொன்னது நீங்கள். நான் வயர் சுற்றிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். செத்த புலிகளுக்காக வேண்டிக்கொண்டாள் என்று சொன்னீர்கள். அந்த அதிகாரியின் ஆட்கள் நல்லபடி வீடு போகவும் டீச்சர் வேண்டினார் என்பதை விழுங்கிவிட்டீர்கள். அடுத்த நாள் இரண்டு பேர் டீச்சர் வீட்டுக்கு விசாரிக்கப் போனார்கள். மூன்று முறை போனார்கள். பிள்ளைகளின் பெற்றோர் பயப்படுகிறார்கள் என்று சொல்லி அவரை முன்பள்ளியிலிருந்து நிறுத்தினீர்கள்.

பிறகு அவரைத் தம்புள்ளைச் சந்தையில்தான் கண்டேன். லொறிகளுக்கு நடுவில் குந்தியிருந்து லீக்ஸ் மரக்கறியில் பழுத்த இலைகளைக் கழித்துக்கொண்டிருந்தார். “கோயிலுக்கு வாங்க டீச்சர்” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். “வந்தா மைக்க போடுவீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, அவரே பேச்சை மாற்றினார். “அந்த நாய் இன்னும் ஊளையிடுதா?” அந்த நேரம் தாள் என் பர்ஸில் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் செத்தபோது நீங்கள்தான் பேசினீர்கள். சமாதானத்தின் மகள் என்றீர்கள். அன்று மைக் நன்றாக வேலை செய்தது. இப்போது புதிய மண்டபத்துக்கு அவர் பெயர் வைக்கப் போகிறீர்களாம், பேனரில் அவர் படம் சிரிக்கிறது. நமக்குச் சமாதானம் என்றால் இதுதான். யுத்தம் இல்லாத காலத்தில் பகைவரை நேசிக்கச் சொல்லிப் பாட்டுப் பாடுவோம். யுத்தம் வந்தால் அதைச் சொன்னவளின் வாயை அடைப்போம். இயேசுவே வந்து வாசித்திருந்தாலும் நான் அந்தச் சுவிட்சைத் தட்டியிருப்பேன். இது தெரிந்த பிறகு எனக்கு ஜெபம் வருவதில்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

தாள் இதோ மேசையில் விரிந்து கிடக்கிறது. மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. மண்டபம் திறக்கும் அன்று பூசையில் நீங்கள் இதை வாசிக்க வேண்டும், தலைவரே. ஏன் நிறுத்தச் சொன்னீர்கள், வாசலில் அந்த அதிகாரியிடம் என்ன சொன்னீர்கள் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். சுவிட்சைத் தட்டியது நான் என்று நானும் எழுந்து நின்று சொல்கிறேன். வாசித்து முடித்ததும் டீச்சர் காத்திருந்த அளவுக்கு நீங்களும் காத்திருங்கள். சபை பதில் சொல்லுமா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கும்படி. மைக்கை நான் நிறுத்த மாட்டேன்.