அம்மா பிரித்த தையல்கள்

புது மாத்திரை தொடங்கியதும் அம்மாவின் கை நடுக்கம் அடங்கியது. பார்க்கின்சன் நோயால் கணக்கு டீச்சர் வேலையைப் பாதியில் விட்டவள் அவள். ஜாக்கெட் கொக்கியை மறுபடி தானே மாட்டிக்கொண்டாள். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை ஒற்றைக் கையால் பிடித்து நின்றாள். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவே என்ன மருந்து என்று விசாரித்தது.

ஒரு மதியம் கட்டிலில் உட்கார்ந்து பழைய ஜாக்கெட் ஒன்றின் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"டைட்டா இருக்குது, பிரிச்சி விடறேன்" என்றாள்.

அம்மா வாழ்நாளில் ஊசி தொட்டதில்லை. ஆனாலும் அந்த விரல்கள் ஒவ்வொரு நூலாக எடுப்பதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. நல்லது நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகு தலையணை உறைகள், சேலை ஃபால்ஸ், ஜன்னல் திரைகள். பிரித்ததை அவள் மறுபடி தைக்கவில்லை. தரையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ, இந்த ஓரம் மட்டும்" என்பாள். சோறு ஆறிக் காய்ந்துபோகும். துணியைப் பிடுங்கினால், "குடுடி இங்க" என்று ஒரு பார்வை பார்ப்பாள். அந்த முகம் எனக்குப் பழக்கமில்லாதது.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூட வேன் வரும் நேரத்தில், என் மகள் யூனிஃபார்ம் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தாள். அது பாவாடையாகவே இல்லை, தனித்தனித் துண்டுகள். உள்ளே போய்ப் பார்த்தேன். அம்மா பேத்தியின் வெள்ளைச் சட்டையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். துணியெல்லாம் ரத்தம். கட்டைவிரல் ஆழமாக அறுபட்டிருந்தது.

"அம்மா, ரத்தம் வருது."

"வரட்டும். இன்னும் கொஞ்சந்தான்."

மணிக்கட்டைப் பிடித்தேன். அதில் துளி நடுக்கமும் இல்லை. அன்றுதான் எனக்குப் பயம் வந்தது.

பிளேடுகளை ஒளித்துவைத்தோம். நகத்தால் பிரித்தாள், பிறகு பல்லால்.

நரம்பு டாக்டர் இளம்பெண், கோலார் பக்கத்துக்காரர். நான் சொல்லத் தொடங்கியதுமே, "ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செய்றாங்களா?" என்று கேட்டுவிட்டார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் செய்யும் வேலையை இந்த மாத்திரை தானே செய்கிறதாம். சிலருக்கு அது கையைச் சரிசெய்வதோடு நிற்காமல் ஆசையையும் முடுக்கிவிடுமாம்.

அவர்கள் ஆராய்ச்சிக்காக எடுக்கும் ஒரு ஸ்கேனுக்கு அம்மா சம்மதித்தாள். ஊசி போட்டு மெஷினுக்குள் படுக்கவைத்து முதலில் மரம், ரோடு என்று சாதாரணப் படங்களைக் காட்டினார்கள். இன்னொரு நாள் துணிகள், தையல்கள்.

டாக்டர் இரண்டு நாள் ஸ்கேன் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தார். "டோபமைன் வந்து உக்கார்ற சீட்டுங்க மூளைல இருக்கு. நாங்க ஊசில போட்ட மருந்தும் அதே சீட்டத்தான் தேடும். டோபமைன் நிறைய சுரந்தா மருந்துக்கு எடம் கெடைக்காது, அந்தப் பகுதி மங்கலாத் தெரியும்."

இரண்டாவது படம் மங்கியிருந்தது.

"அவங்க எதையும் பிரிக்கல. பார்த்ததுக்கே இவ்ளோ."

"டோபமைன்னா சந்தோஷம்னு சொல்றாங்களே?" என்றேன்.

டாக்டர் பதில் சொல்லுமுன் அம்மா பேசினாள். "சந்தோஷமா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேணும், அவ்ளோதான். பிரிச்சி முடிச்சா இன்னும் வேணும்."

டாக்டர் மறுக்கவில்லை. "டோபமைன் பெரும்பாலும் அந்த 'வேணும்'தாம்மா" என்றார்.

மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். தையல் பிரிப்பது நின்றது. நடுக்கம் திரும்பி வந்தது. அதற்கு நாங்கள் தயாராகத்தான் இருந்தோம். அதோடு வந்த இன்னொன்றுக்குத் தயாராக இல்லை.

அம்மா எதையும் கேட்பதில்லை. டிவி ஓடினால் பார்ப்பாள், அணைத்தால் சுவரைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை சேலை கட்டிவிட்டால் சர்ச்சுக்கு வருவாள். கட்டிவிடாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டாள். பேத்தி மடியில் தலை வைத்தால் கை தலைமேல் போகிறது, அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது. சரியான அளவு கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்கிறார் டாக்டர். மாதாமாதம் போய் வருகிறோம்.

நேற்று பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா வேணும் உனக்கு? எதுன்னாலும் சொல்லு, வாங்கியாறேன்" என்றேன்.

நெடுநேரம் யோசித்தாள். உண்மையாகவே தேடிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"ஒண்ணும் தோணல பாப்பா" என்றாள். "நீயே எதுனா சொல்லு."