மேல் வீட்டு மீட்டர்

காலை ஒன்பது பத்து. வாசலுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது, லைன்மேன் கையில் இருந்த பியூஸ் கேரியர். எங்கள் சிங்காநல்லூர் வீட்டில் மாடிப் போர்ஷனின் மீட்டரிலிருந்து அதைக் கழற்றியிருந்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. மேல் ஊட்டு பில்லு கெடு தாண்டிருச்சுங்க."

எனக்குத் தெரியும். இணைப்பு என் பேரில் இருப்பதால் குறுஞ்செய்தி என் போனுக்குத்தான் வரும். மாடியில் குடியிருந்த பெண் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர், வாடகையைத் தேதி தவறாமல் தருபவர். அவரிடம் போய் பில் கட்டினீர்களா என்று எப்படிக் கேட்பது? இரண்டு முறை படியேறினேன். மழையைப் பற்றிப் பேசிவிட்டு, அவர் தந்த கேக்கைச் சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

இப்போது அவர் மாவு அப்பிய கையோடு ஓடிவந்தார்.

"ஐயோ, அண்ணா! கல்யாண கேக்குங்க. ஓவன்ல வச்சுப்போட்டேன். சாயங்காலம் போத்தனூர் சர்ச்சுக்குப் போகோணுமுங்க."

அதே நேரம் உள்ளேயிருந்து என் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, மோட்டாரும் நின்னுபோச்சுங்க!"

எங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மோட்டார் மட்டும் நின்றிருந்தது. கோடையில் அதை மாற்றிய எலக்ட்ரீஷியன், அதன் வயரைப் பக்கத்தில் இருந்த மாடி இணைப்பில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டு வீட்டுத் தண்ணீரும் அந்தப் பெண்ணின் மீட்டரில் ஏறியிருக்கிறது.

"பில்லு ரெண்டு பங்கா வந்துச்சுங்க. கேட்டுட்டுக் கட்டலாம்னு எறங்கி வந்தேன். நீங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தீங்க, தொந்தரவு பண்ணலீங்க" என்றார்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படியே மரியாதை பண்ணிட்டிருந்தா எனக்குத்தானுங்க வேலை" என்றார் லைன்மேன்.

அங்கேயே நின்று போனில் முழுத் தொகையையும் கட்டினேன். லைன்மேன் தன் போனில் பார்த்துவிட்டு பியூஸைத் திரும்பப் பொருத்தினார்.

"என்ற பங்கு எவ்வளவுங்க அண்ணா?"

"மொதல்ல போயி கேக்கைப் பாருங்க, அம்மணி."

முந்தைய பில்லில் வந்த அளவு மட்டும் அவர் தர வேண்டும், மீதி எங்களுடையது என்று பிறகு பேசி முடித்தோம். மதியம் கேக் ஆட்டோவில் போனது. மறுநாள் மோட்டார் வயரை எங்கள் மீட்டருக்கு மாற்றினோம்.

அடுத்த பில் வந்த அன்று மாடிக்குப் போய் முதலில் தொகையைச் சொன்னேன். பிறகு கேக் சாப்பிட்டேன்.